கிணற்றுக்கு மருந்து போட்டவர்

என் மாமனாரின் வலது கையில் பெருவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் பழுப்பாக இருக்கும். நகக்கண்களில் அந்த நிறம் இன்னும் அடர்த்தியாகப் படிந்திருக்கும். என்னைப் பெண் பார்க்க எங்கள் ஊரான கெடாருக்கு அவர்கள் வந்தபோது, தலையைக் குனிந்துகொண்டு நின்ற எனக்கு மாப்பிள்ளையின் முகம் தெரியவில்லை; காபி டம்ளரைப் பிடித்த அந்த விரல்கள்தான் தெரிந்தன. அவர்கள் போன பிறகு அம்மா, "பையன் பரவால்ல, ரயில்வே உத்தியோகம். அப்பன்காரருதான் பீடி குடிப்பாரு போல" என்றாள். அவருக்கு பீடி, வெற்றிலை, பொடி எதுவும் கிடையாது என்பது கல்யாணமாகிப் போன பிறகுதான் தெரிந்தது. அது கிணற்று மருந்தின் கறை.

அறுபதுகளின் தொடக்கம் அது. இன்று விழுப்புரம் தனி மாவட்டம். அன்று எல்லாமே தென்னாற்காடு, பெரிய ஆபீஸ்கள் கடலூரில். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி, வாரச்சந்தை கூடும் ஓர் ஊரில் அவர் சுகாதார ஆய்வாளர். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் எனக்கு வேண்டியவர்கள்தான். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். கணவர் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸில் வேலை பார்த்தார். ஷிப்டு முடிந்தால் வருவார், இல்லாவிட்டால் அங்கேயே தங்கிவிடுவார். ஆக, பெரும்பாலான நாட்களில் வீட்டில் மாமனாரும் நானும்தான். மருமகளிடம் நேருக்கு நேர் பேசும் பழக்கம் அந்தத் தலைமுறை ஆண்களுக்கு இல்லை. அவர் சமையலறை நிலைப்படியைப் பார்த்து, "மோர் இருந்தா நல்லாயிருக்கும்" என்பார். நான் அடுப்பைப் பார்த்து, "இருக்குதுங்க மாமா" என்பேன். நிலைப்படியும் அடுப்பும் பேசிக்கொள்வதைப் போல எங்கள் குடும்பம் நடந்தது.

அவருடைய முக்கியமான வேலை கிணறுகளுக்கு மருந்து போடுவது. ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் கருநாவல் நிறத்தில், மினுமினுக்கும் ஊசித் தூளாக அந்த மருந்து இருக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்று அவர் முழுப்பெயரும் சொல்வார். ஊரார் கத்தரிப்பூ மருந்து என்பார்கள். மேலிடத்திலிருந்து ப்ளீச்சிங் பவுடர் போடச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. உத்தரவு வந்த வேகத்தில் பவுடர் வராததால் பழைய மருந்தே ஓடிக்கொண்டிருந்தது. வாளியில் கரைத்து, கிணற்றில் இறக்கி, மேலும் கீழும் அசைத்து எடுப்பார். கிணறு முழுவதும் பூ நிறமாகிவிடும். முதலில் எங்கள் வீட்டுக் கிணறு, பிறகு கடைத்தெரு, குடியானவர் தெரு, கடைசியாகக் காலனி. எங்கள் வீட்டை முதலில் வைத்ததற்குக் காரணம், அவர் வீட்டுக் கிணற்றுக்கு மட்டும் போடமாட்டார் என்று ஒரு வம்பு முன்பு கிளம்பியிருந்ததாம்.

அந்தத் தண்ணீரை யாருக்கும் பிடிக்காது. அதில் ஆக்கினால் சோறு லேசாகப் பழுப்பேறும். விருந்தாளி வந்திருக்கும் வீட்டில் பெண்கள் சபித்துக்கொண்டே வடிப்பார்கள். மருந்து போடும் நாள் தெரிந்துவிட்டால் முந்தின நாளே அண்டா, குண்டான், தவலை எல்லாவற்றிலும் நிரப்பி வைத்துக்கொள்வார்கள். மருந்து போட்டதும் அந்தக் கிணற்றுப் பக்கமே போகமாட்டார்கள். நிறம் வெளுத்துத் தண்ணீர் தண்ணீராகத் தெரிய ஆரம்பித்ததும் மறுபடியும் கூட்டம். எனக்கும் முதல் மாதம் அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் மருந்து போடுகிறவரே எதிரில் உட்கார்ந்து அதைப் பிசைந்து சாப்பிடும்போது நான் என்ன சொல்ல முடியும்? பழகிவிட்டது.

சித்திரை, வைகாசியில் கிணறுகள் அடிமட்டத்துக்குப் போகும்போது வாந்திபேதி வரும். அதன் நிஜப்பெயர் காலரா என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். காலரா என்று பதிவானால் சந்தையை மூடிவிடுவார்கள். சந்தை மூடினால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விலை போகாது. செத்தவர் வீட்டில் துணிமணியை எரிப்பார்கள், சுவரில் சுண்ணாம்பு அடிப்பார்கள், அதற்கப்புறம் அந்த வீட்டில் பெண் எடுக்க ஆள் வராது. அதனால் வியாபாரிகளும் செத்தவர்களின் சொந்தக்காரர்களும் பஞ்சாயத்துத் தலைவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். "ஜொரம்னு போட்டுடுங்க சார்" என்பார்கள். ஊர் இறப்புப் பதிவேடு என் மாமனார் கையில். அவர் பதிவேட்டைப் பிரித்து ஜுரம் என்று எழுதுவார். காசு வாங்கினார் என்று யாரும் சொல்லமுடியாது. ஒருவர் அழுதால் அவரால் தாங்கமுடியாது, அவ்வளவுதான். அழுகிறவர்கள் எல்லோருக்கும் ஜுரம் எழுதி எழுதி, எங்கள் ஊர் காகிதத்தில் காலராவே இல்லாத ஊராகிவிட்டது.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், சர்க்கார் குடிதண்ணீர்த் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆழமாகக் கிணறு வெட்டி, மேல்நிலைத் தொட்டி கட்டி, மருந்து கலந்து, தெருத்தெருவாகக் குழாய் விடுவார்கள். செலவில் பெரும்பகுதி மானியம். எங்கள் தலைவர் கடலூருக்கும் திண்டிவனத்துக்குமாக நடையாய் நடந்து மனுப் போட்டார். பதில் வந்தது. காலரா தொடர்ந்து பதிவாகும் ஊர்களுக்குத்தான் முதலில் மானியம். மற்ற ஊர்கள் காத்திருக்கலாம், அவசரமென்றால் கடன் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். கடனை வரி போட்டு அடைக்க வேண்டும். வரி என்றால் எங்கள் ஊர் கடவுளுக்கே கொடுக்காது. அந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். இருக்கிற பணம் கொஞ்சம், கேட்கிற ஊர்கள் நிறைய. எங்கே ஜனங்கள் சாகிறார்களோ அங்கே முதலில் என்பது நியாயம்தான். அதை எழுதியவர்களுக்கு, சாவை மறைத்து வைக்கிற ஊர்களும் இருக்கும் என்பது தோன்றவில்லை.

தலைவர் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெரிய மல்லாட்டை வியாபாரி, லாரி வைத்திருப்பவர், குரலும் லாரி மாதிரி.

"இன்னா சார் இது, ஊரே பேதில போய்க்கினு இருந்துச்சி, நீங்க ஜொரம் ஜொரம்னு எழுதிக்கினு இருந்திருக்கீங்க? இப்பப் பாருங்க, பெரிய பேஜாரா பூட்சி."

"நீங்கதான எழுதச் சொன்னீங்க" என்றார் மாமனார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அது அப்ப, சந்தைக்காக சொன்னது. இப்ப கொழாய் வேணுமில்ல? பழசையெல்லாம் எடுத்துத் திருத்திடுங்க."

"ஒருதடவை பொய் எழுதினேன். அதுமேல இன்னொரு தடவை என்னால எழுத முடியாதுங்க. இனிமே வர்றத நெஜமா எழுதறேன். குடும்பத்துல ஒத்துக்கிட்டா."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சேர்த்திருக்க வேண்டாம் என்று நான் அப்போதே அடுப்படியில் நின்று நினைத்தேன்.

அடுத்த வெயில் காலத்தில் பேதி மறுபடி வந்தது. அவர் வீடு வீடாகப் போனார். ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் குழாய் வேண்டும் என்றார்கள். ஒருவரும் தங்கள் வீட்டுச் சாவை எழுத விடவில்லை. "எங்க வூட்டுப் பேர மட்டும் வேணாங்க, பக்கத்து வூட்ட எழுதிக்குங்க" என்று ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். பக்கத்து வீட்டில் யாரும் சாகவே இல்லை. தலைவர் ஒரு யோசனை சொன்னார்: "காலனில செத்தவங்கள எழுதுங்க சார், அவங்களா வந்து கேக்கப்போறாங்க?" மாமனார் அவர்களையும் கேட்காமல் எழுதவில்லை, காலனிக்குப் போனார். சில நாட்களுக்கு முன்னால் வயது வந்த மகளைப் பறிகொடுத்த ஒருவர் அங்கே இருந்தார். அவர் சொன்னதை மாமனார் வந்து நிலைப்படியிடம் சொன்னார். "மத்த தெருவுல ஒரு பேரும் எழுதாம எங்களை மட்டும் எழுதினா, நாங்கதான் நோயக் கொண்டாந்தோம்னு சொல்வாங்க சார். கொழாய் உங்க தெருவுக்கு வரும், பழி எங்க தெருவுக்கு வரும். மொதல்ல உங்க பக்கத்துல ஒருத்தர எழுதிட்டு வாங்க." அதைச் சொல்லிவிட்டு மாமனார் வெகுநேரம் மோரைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

எங்கள் குழந்தைக்கு அப்போது நடை வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பெண் குழந்தை. தாத்தாவின் பெருவிரலைப் பிடித்துக்கொள்ளாமல் தூங்காது. அந்தக் கறையை ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டும். எச்சில் தொட்டுத் துடைக்கும். போகவில்லை என்றதும் கோபித்துக்கொண்டு என்னிடம் வந்து முறையிடும். என்னிடம் நேராகப் பேசாத மனிதர் அதனுடன் மட்டும் ஓயாமல் பேசுவார். "போவுதா பாரு, இன்னும் நல்லா தேய்" என்று விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு காலையில் குழந்தைக்குப் பேதி கண்டது. எங்கள் வீட்டுக் கிணற்றில் மருந்து இருந்தது, நான் கொதிக்கவைத்துத்தான் கொடுத்தேன். எந்தத் தண்ணீர், எந்தக் கை, எந்த ஈ என்று இன்றுவரை தெரியாது. பேதி கண்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்பது அவர் ஊருக்கெல்லாம் சொன்ன சட்டம். அதனால் தலைவர் தன் லாரியைக் கொடுத்தார். மல்லாட்டை மூட்டைகள் மேல் உட்கார்ந்து திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை அவர் மடியில் இருந்தது. அவர் ஆறின வெந்நீரைப் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டே வந்தார். திண்டிவனத்துக் கட்டடங்கள் தெரிய ஆரம்பித்தபோது பஞ்சை வைப்பதை நிறுத்திவிட்டார். டிரைவருக்குத் தெரியாததால் லாரி வேகமாகப் போய்க்கொண்டே இருந்தது. வெயில் எப்படி அடித்தது, மூட்டையில் சணல் எங்கே பிரிந்திருந்தது என்பதெல்லாம் நினைவிருக்கிறது. என் மனதில் என்ன இருந்தது என்பது நினைவில்லை. ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் அவர் சமையலறை வாசலுக்கு வந்தார். கையில் பதிவேட்டை எடுத்துவரவில்லை. கணவர் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று முதல்முறையாக மாமனார் நிலைப்படியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எழுதட்டுமாம்மா?"

எதை என்று நான் கேட்கவில்லை. கூடத்திலிருந்து கணவர் கத்தினார். "இன்னா அப்பா பேசற நீ? எவனும் அவன் வூட்டு சாவ எழுத மாட்டேங்கறான், எம் பொண்ணு பேருதான் கெடச்சிதா? ஊருக்குக் கொழாய் வர எம் பொண்ண எழுதணுமா?"

அவர் மகன் பக்கம் திரும்பவில்லை. "ஜொரம்னு எழுதணும்னு நீ சொன்னா அப்படியே எழுதிடறேன். இத்தினி பேருக்கு எழுதினேன். நீ பெத்தவ, நீ சொல்லு."

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். ஊர் நினைவுக்கு வரவில்லை, குழாய் நினைவுக்கு வரவில்லை, தியாகம் என்ற சொல் அன்று அந்த வீட்டில் யார் மனதிலும் இல்லை. குழந்தைக்கு ஜுரமே இல்லை, உடம்பு சில்லிட்டுத்தான் கிடந்தது என்ற ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. "ஜொரம் இல்லீங்களே மாமா" என்றேன். "வந்தத எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதிவிட்டு, எழுதினால் என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். ஊரில் யாருக்கும் செய்யாத சட்டத்தை எங்கள் வீட்டுக்குச் செய்தார். தூளிச் சேலை, பாய், சட்டைகள், மரப்பாச்சி எல்லாவற்றையும் கொல்லையில் குவித்து, தன் கையாலேயே கொளுத்தினார். பின்பு தரையெல்லாம் மருந்து தெளித்தார், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அந்தக் காலத்தில் குழந்தைகளைப் போட்டோ எடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அன்று சாயங்காலம் வீடு வெள்ளையாக இருந்தது. ஒரு குழந்தை இருந்ததற்கு அந்த வீட்டில் எந்த அடையாளமும் இல்லை. என் கணவர் அதற்குப் பிறகு அவருடன் பல வருஷம் சரியாகப் பேசவில்லை. நான் வழக்கம்போல மோர் கொடுத்தேன்.

காலனிக்காரர்தான் முதலில் வந்தார். தெருவில் நின்றபடி கூப்பிட்டார், மாமனார் உள்ளே வரச்சொன்னார். "எம் பொண்ணு பேரயும் எழுதிக்குங்க சார்" என்றார். அவர் போன பிறகு கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெரியவர் வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக. சந்தை மூடப்பட்டது, தலைவர் வாயில் வந்ததெல்லாம் திட்டினார், ஆனால் மனுவை மட்டும் மறுபடி போட்டார். அதற்கடுத்த வருஷமும் நிஜமே எழுதப்பட்டது. மானியம் கிடைத்தது.

குழாய் திறந்த அன்று பந்தல் போட்டு, மைக் கட்டி, பெரிய மனிதர்கள் ஜீப்பில் வந்தார்கள். பேசியவர்கள் எல்லோரும் சர்க்காருக்கு நன்றி சொன்னார்கள், தலைவருக்கு நன்றி சொன்னார்கள். மாமனார் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடை கலைந்ததும் பெண்கள் குடங்களோடு பாய்ந்தார்கள். யார் முதலில் பிடிப்பது என்று அந்த இடத்திலேயே முதல் சண்டையும் வந்தது. என்னைப் பார்த்ததும் சண்டை நின்று வழி விட்டார்கள். நான் குடத்தை வைத்தேன், தண்ணீர் விழுந்தது. எத்தனையோ வருஷம் பூ நிறத் தண்ணீரைப் பார்த்த கண், அதில் நிறத்தைத் தேடியது. நிறமே இல்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். சோறு வெள்ளையாக வந்தது. சாப்பிட்டேன்.

காலனிக்கும் குழாய் போனது. கடைசிக் குழாய் என்பதால் தண்ணீர் நூலாகத்தான் வரும். அவர்கள் பெயரும் பதிவேட்டில் இருந்ததால் அதையாவது வாங்க முடிந்தது என்று மாமனார் ஒருமுறை நிலைப்படியிடம் சொன்னார். குழாயடியில் சிந்திய தண்ணீர் போக வழியில்லாமல் தெருவில் தேங்கிக் கொசு மொய்த்தது. குடிக்கிற தண்ணீருக்கு மானியம் உண்டு. கழிவுநீர் வாய்க்காலுக்கு வேறு விதி, அதற்குக் கடன்தான். கடனுக்கு ஊர் சம்மதிக்கவில்லை. அந்தத் தண்ணீர் பல வருஷம் அப்படியே நின்றது.

கிணறுகளுக்கு மருந்து போடும் வேலை நின்றுபோனது. சில மாதங்கள் கழித்து ஒருநாள் அவருக்குச் சோறு போட்டுவிட்டு ரசம் ஊற்றக் குனிந்தேன். அவர் பிசைந்துகொண்டிருந்தார். விரல்கள் சுத்தமாக இருந்தன. கறை பெருவிரலில் இல்லை, நகக்கண்ணில் இல்லை, எங்கேயும் இல்லை. மற்றவர்கள் விரல்போலச் சாதாரணமாக இருந்தன. கரண்டியை இலையிலேயே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். லாரியில் அழவில்லை, கொல்லையில் தீ எரிந்தபோது அழவில்லை, குழாயடியில் அழவில்லை. அன்றுதான் அழுதேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. முதலில் ரசத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "போயிடுச்சிம்மா" என்றார்.

அவரும் போய் வெகுகாலமாகிறது, என் கணவரும் இல்லை. இப்போது நான் விழுப்புரத்தில் இருக்கிறேன். இந்த வீட்டில் குடிக்கிற தண்ணீர் கேனில் வருகிறது. மருந்துப் புட்டி மட்டும் அலமாரியில் என் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடியில் கொஞ்சம் தூள் ஒட்டியிருக்கிறது. எப்போதாவது ஒரு துகளைத் தட்டி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். அதே நிறம் வரும். என் பெருவிரலிலும் கொஞ்சம் பழுப்பு ஒட்டிக்கொள்ளும். இரண்டொரு நாள் இருக்கும், அப்புறம் போய்விடும்.

இவ்வளவு எழுதியும் குழந்தையின் பெயரை நான் சொல்லவில்லை. மாமனார் அந்தப் பதிவேட்டில் ஒருமுறை எழுதியிருக்கிறார், பக்கத்தில் என்ன வந்தது என்பதையும் சேர்த்து.